ஆம் என்று எழுதினேன்

சரிபார்ப்புப் பட்டியலில், ரோல்பேக் சோதிக்கப்பட்டதா என்ற வரிக்கு எதிரே "ஆம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் சோதிக்கவில்லை. அதனால் ஒரு காற்றுப் பருவத்தின் நடுவே சில காற்றாலைகளிலிருந்து தகவல் வருவது நின்றுபோனது. பழி வேறொருவர் மேல் விழுந்தபோது வாயைத் திறக்காமல் இருந்தேன். இரண்டில் எது பெரிய குற்றம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவது புரியாது. முதலாவதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் தொழில்நுட்பம் பேசித்தான் ஆக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு எம்பெடட் லினக்ஸ் வேலை. காற்றாலைக் கோபுரத்தின் அடியில், கன்ட்ரோல் பேனலுக்குப் பக்கத்தில் பொருத்தும் ஒரு கேட்வே பெட்டிதான் எங்கள் சரக்கு. காற்றாலையின் கன்ட்ரோலரிடமிருந்து காற்றின் வேகம், மின் உற்பத்தி, பழுதுக் குறியீடு எல்லாவற்றையும் வாங்கி மொபைல் இணைப்பு வழியாகச் சர்வருக்கு அனுப்பும். மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுக்கும் இடங்களில்தான் தமிழ்நாட்டின் காற்றாலைகள் நிற்கின்றன. பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உடுமலை, பல்லடம். செங்கோட்டைக் கணவாய்க் காற்றுக்குத் தென்காசிப் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயிலேயே முப்பந்தல். ஆண்டு மின்சாரத்தில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றில் கிடைத்துவிடும். சொந்தக்காரர்களில் பலர் கோவை, திருப்பூர் வட்டார மில்காரர்கள். சீசனில் ஒரு காற்றாலை நடு இரவில் பழுதாகி நின்றால், மறுநாள் யாராவது போய்ப் பார்க்கும்வரை வீசுகிற காற்றெல்லாம் வீண். அந்த இரவிலேயே தகவல் சொல்வதற்குத்தான் எங்கள் பெட்டி.

அந்தப் பெட்டி எழுந்திருப்பதில் என் பங்கு பூட்லோடர். மின்சாரம் வந்ததும் லினக்ஸ் நேராக ஓட ஆரம்பிப்பதில்லை. முதலில் யூ-பூட் என்ற சிறிய நிரல் எழுகிறது. அது கர்னலை நினைவகத்தில் ஏற்றி, "உன் கோப்புகள் இந்த பார்ட்டிஷனில் இருக்கின்றன" என்று ஒரு வரியைக் கையில் கொடுத்து அனுப்புகிறது. பூட்ஆர்க்ஸ் என்ற அந்த வரியில் ரூட் என்ற ஒரு சொல்லும் அதற்கு எதிரே ஒரு பார்ட்டிஷனின் பெயரும் இருக்கும். பெயர் தவறினால் கர்னல் எழுந்து நிற்கும்; அதற்கு மேல் எதுவும் எழாது.

களத்தில் இருக்கும் பெட்டிக்குத் தொலைவிலிருந்து அப்டேட் அனுப்புவதென்றால் ரூட் பார்ட்டிஷனை இரட்டையாக வைப்பது வழக்கம். எங்கள் போர்டில் ஈஎம்எம்சி நினைவகத்தின் இரண்டாம் பார்ட்டிஷனில் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு. மூன்றாம் பார்ட்டிஷன் காலி. புதிய அமைப்பை மூன்றில் எழுதி முடித்து, யூ-பூட்டின் மாறிகளில் ரூட்பார்ட் என்பதை 2 இலிருந்து 3 ஆக மாற்றி, மறுதொடக்கம் செய்ய வேண்டும். எழுதும்போது பாதியில் மின்சாரம் போனாலும் பாதகமில்லை. பழைய அமைப்பை யாரும் தொடவில்லை. ரூட்பார்ட் இன்னும் 2 தான். அந்த மாறிகளைக்கூட இரண்டு பிரதிகளாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிஆர்சி சரிபார்ப்பு எண்ணோடு வைத்திருந்தோம். ஒன்றை எழுதும் நொடியில் மின்சாரம் போனால் மற்றது இருக்கும். எங்கள் பெட்டியில் பேட்டரி கிடையாது. சீசனில் கிரிட் ட்ரிப் ஆவது சாதாரணம். மின்வெட்டைத் தாங்க வேண்டும் என்பதற்காகவே இப்படி வடிவமைத்தேன். பின்னால் வரப்போவதற்கு இது முக்கியம்.

புதிய அமைப்பு எழவில்லை என்றால்? அதற்கும் யூ-பூட்டில் வழி இருக்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு எத்தனை முறை எழ முயன்றோம் என்று பூட்கவுன்ட் எண்ணும். பூட்லிமிட் என்று நாம் வைத்த எல்லையைத் தாண்டினால், வழக்கமான பூட்சிஎம்டியை விட்டுவிட்டு ஆல்ட்பூட்சிஎம்டி என்ற மாற்றுக் கட்டளையை ஓட்டும். அதில் "ரூட்பார்ட் 2 என்றால் 3 ஆக்கு, இல்லையென்றால் 2 ஆக்கு" என்று எழுதிவிட்டால் பெட்டி தானாகப் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். ரோல்பேக் என்பது இதுதான். ஜெர்மனியின் வொல்ஃப்காங் டெங்க் 2000இல் பிபிசிபூட் என்ற பெயரில் தொடங்கி, 2002இல் யூ-பூட் ஆன நிரல் இது. அவர் 2022இல் காலமானார். அவரும் அவரோடு உழைத்தவர்களும் என்னைப் போன்றவர்கள் தடுக்கி விழக்கூடிய இடங்களை முன்கூட்டியே பார்த்து வழிசெய்து வைத்திருந்தார்கள். கருவி மேல் எந்தக் குறையும் சொல்ல எனக்கு இடமில்லை.

அந்த மாற்றுக் கட்டளையை நான் என் மேசையில், ஒரு போர்டின் சீரியல் திரையில் நேரடியாகத் தட்டச்சு செய்தேன். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினேன். யூ-பூட்டின் கட்டளை வரியில் இரட்டை மேற்கோளுக்குள் ஒரு மாறியை மதிப்பெடுக்கச் சொல்லி எழுதினால், என்டர் தட்டிய கணத்திலேயே பெயர் போய் அப்போதைய மதிப்பு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால்தான் பெயர் பெயராகவே தங்கும். கட்டளை ஓடும்போது மதிப்பு பார்க்கப்படும். என் மேசைப் போர்டில் அப்போது ரூட்பார்ட் 2. ஆகவே "ரூட்பார்ட் 2 என்றால்" என்று நான் எழுதியது "2 என்பது 2 என்றால்" என்று சேமிக்கப்பட்டது. எப்போது ஓடினாலும் அது உண்மை. எப்போது ஓடினாலும் விடை 3. மூன்றில் இருக்கும் அமைப்பு எழாமல் தவிக்கும்போது ரோல்பேக் ஓடி, அதே மூன்றையே மறுபடி தேர்ந்தெடுக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. பிரிண்ட்என்வி என்று அடித்து வாசித்திருந்தால் போதும். ஒரு போர்டில் மூன்றாம் பார்ட்டிஷனை வேண்டுமென்றே அழித்துவிட்டு, அது இரண்டுக்குத் திரும்புகிறதா என்று ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். நான் இரண்டையும் செய்யவில்லை. அந்தப் போர்டின் மாறிகளை அப்படியே பிரதி எடுத்து, உற்பத்திக்குப் போகும் எல்லாப் பெட்டிகளிலும் ஏற்றக் கொடுத்துவிட்டேன்.

ஏன் செய்யவில்லை என்பதற்கு நேரமின்மையைக் காரணம் சொல்லலாம். சீசன் தொடங்குவதற்குள் பெட்டிகள் போக வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அது காரணமில்லை. அதே வாரம் டாஷ்போர்டில் எழுத்துருவை மாற்றுவதற்கு எனக்கு நேரம் இருந்தது. உண்மைக் காரணம், எழுதியது நான் என்பது. நான் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். குழுவில் எனக்கு மேலே இதைப் படிக்கத் தெரிந்தவர் இல்லை. கீழே இருந்தவர்கள் என்னைக் கேள்வி கேட்கும் இடத்தில் இல்லை. மேலாளர் மட்டும் ஒருமுறை, "ரோல்பேக் பாத்தாச்சுங்களா?" என்று கேட்டார். "பாத்தாச்சுங்க" என்றேன். யோசிக்காமல் வந்த பதில். அந்தப் பதிலுக்குப் பொருந்தும்படிதான் பிறகு பட்டியலில் "ஆம்" என்று எழுதினேன்.

இதே காலத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தியின் கதையை அதில் தவறாமல் சொல்வேன். 2004 ஜனவரி 21 அன்று அது தொடர்பை இழந்தது. ஃபிளாஷ் நினைவகத்தின் கோப்பு அமைப்பை ஏற்ற முடியாமல் மறுபடி மறுபடி மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தது. ஃபிளாஷைத் தொடாமல் எழுந்திரு என்ற கட்டளையை அனுப்பிப் பூமியிலிருந்தே அதை மீட்டார்கள். அதில் ஓடியது லினக்ஸ் இல்லை, விஎக்ஸ்வொர்க்ஸ். ஆனால் பாடம் ஒன்றே: முதன்மை வழி கெட்டுப்போன பிறகும் ஓடக்கூடிய இன்னொரு வழி முன்கூட்டியே உள்ளே இருக்க வேண்டும். இதை உணர்ச்சியோடு சொல்வேன். புதியவர்கள் கண் எடுக்காமல் கேட்பார்கள். என் பெட்டிக்குள் இருந்த மாற்று வழி எங்கே போகிறது என்று நான் ஒருமுறையும் நடந்து பார்த்திருக்கவில்லை.

புதிய கர்னலோடு முதல் பெரிய அப்டேட் சீசனின் நடுவில் போனது. பெரும்பாலான பெட்டிகள் எழுந்தன. சில எழவில்லை. தென்காசிப் பக்கமும் முப்பந்தலிலும் எங்கள் ஆள் ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பந்த ஊழியர், டிப்ளமோ படித்தவர். மடிக்கணினியும் சீரியல் கேபிளுமாக ஒவ்வொரு கோபுரமாகப் போனார். முப்பந்தல் சீசன் காற்றில் பைக் ஓட்டியவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும். ஒரு கோபுரத்தடியிலிருந்து கூப்பிட்டார். "அண்ணே, லைட் எரியுது, ஆனா உள்ள வரமாட்டேங்கி. நாலஞ்சு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு" என்றார். திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கடைசி வரி, ரூட் சாதனத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று கர்னல் சொல்லும் வழக்கமான வரி. எம்எம்சிபிளாக்0 என்ற பெயரையும் மூன்றாம் பார்ட்டிஷனையும் தேடிக்கொண்டு நின்றது.

பார்த்ததும் பாதி புரிந்துவிட்டது. எங்கள் போர்டில் ஈஎம்எம்சியோடு காலியான ஒரு எஸ்டி கார்டு துளையும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனிக் கன்ட்ரோலர். பழைய கர்னலில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் எழும். புதிய கர்னல் அவற்றை ஒரே நேரத்தில் எழுப்புகிறது. யார் முந்துகிறாரோ அவருக்கு 0 என்ற எண். எஸ்டி முந்திவிட்டால் ஈஎம்எம்சியின் பெயர் எம்எம்சிபிளாக்1 ஆகிவிடும். அப்போது நான் பூட்ஆர்க்ஸ் வரியில் எழுதிக் கொடுத்த பெயரில் எந்தச் சாதனமும் இருக்காது. என் மேசையில் ஒவ்வொரு முறையும் ஈஎம்எம்சி முந்தியது. களத்தில் சில பெட்டிகளில் முந்தவில்லை.

அந்த வரியில் நான் எழுதியிருந்த இன்னொரு சொல் ரூட்வெய்ட். ரூட் சாதனம் வரும்வரை காத்திரு என்பது அதன் பொருள். எவ்வளவு நேரம் என்று எல்லை சொல்லாவிட்டால் முடிவில்லாமல் காத்திருக்கும். கர்னல் பேனிக் ஆனால் சில நொடிகளில் மறுதொடக்கம் செய் என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தேன். காத்திருக்கும் கர்னலுக்குப் பேனிக் வராது. பேனிக் வராததால் மறுதொடக்கம் இல்லை; மறுதொடக்கம் இல்லாததால் பூட்கவுன்ட் ஏறாது. உறைந்துபோன பெட்டியை மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் இருந்தது, ஆனால் லினக்ஸ் முழுதாக எழுந்த பிறகு ஒரு சேவைதான் அதை இயக்கும். எழாத பெட்டியில் அதைத் தொட யாரும் இல்லை. யூ-பூட்டிலேயே வாட்ச்டாக்கை ஓடவிட்டிருந்தாலும் போதாது. பயனர் நிரல் ஒன்று அதைத் திறக்கும்வரை கர்னலே அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காத்திருப்புக்கும் ஒரு எல்லை குறிப்பிட வேண்டும். இந்தக் கண்ணிகள் ஒன்றோடொன்று இப்படிப் பிணையும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததற்காக நான் வெட்கப்படவில்லை. இந்த வேலையில் தெரியாதது எப்போதும் இருக்கும்.

மீதிப் பாதி அன்று மாலை புரிந்தது. களத்து ஊழியர் தன் கையால் பலமுறை மின்சாரத்தை நிறுத்திப் போட்டிருக்கிறார். பூட்கவுன்ட் எல்லையைத் தாண்டியிருக்கும். ரோல்பேக் ஓடியிருக்க வேண்டும். ஏன் ஓடவில்லை? மேசைப் போர்டில் பிரிண்ட்என்வி அடித்தேன். "2 என்பது 2 என்றால்" என்ற வரி திரையில் இருந்தது. ரோல்பேக் ஓடத்தான் செய்திருக்கிறது. ஓடி மூன்றாம் பார்ட்டிஷனுக்கே திரும்பியிருக்கிறது.

அடுத்த நாள் கூட்டம். சர்வீஸ் பிரிவின் தலைவர், அப்டேட் நடந்துகொண்டிருக்கும்போது களத்து ஆள் மின்சாரத்தை நிறுத்தியிருப்பார் என்றார். அவர் பல தடவை ஆஃப், ஆன் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறாரே என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் அது தவறு என்று உறுதியாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுதும்போது மின்சாரம் போனால் பழைய அமைப்பு எழும். அப்படித்தான் அதைக் கட்டியிருந்தேன். அவர் கோபுரத்துக்குப் போனதே பெட்டி செத்த பிறகுதான். இத்தனையும் தெரிந்துகொண்டு, "பவர் போனதாலயும் இருக்கலாமுங்க" என்றேன்.

அந்த "இருக்கலாம்" போதுமானதாக இருந்தது. அவருக்கு மெமோ போனது. அவர் என்னை அழைத்து, "அண்ணே, நான் அப்டேட் நேரத்துல அங்க இல்லவே இல்ல, நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றார். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. மாற்றுக் கட்டளையைத் திருத்தி, அடுத்த அப்டேட்டில் "பொதுவான மேம்பாடுகள்" என்ற தலைப்பின் கீழ் சேர்த்து அனுப்பினேன். எழாத பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சீரியல் கேபிளில் மீட்டவரும் அவரே. நான் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய கட்டளைகளைக் காற்றில் நின்று தட்டச்சு செய்தார். எதற்காக அந்த வரியை மாற்றுகிறோம் என்று ஒருமுறை கேட்டார். பாதுகாப்புக்கு என்றேன். ஆண்டு முடிவில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

மேலாளரிடம் நான் போய்ச் சொன்னது அதற்குப் பிறகுதான். குற்ற உணர்வு முற்றித் தானாகப் போனேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பழைய பெட்டி ஒன்றின் மாறிகளைப் பார்த்துவிட்டு, "சார், இது எப்பவும் மூணுக்குத்தானே போகும்?" என்று கேட்டார். வகுப்பில் ஸ்பிரிட் கதையைக் கண் எடுக்காமல் கேட்டவர்களில் ஒருவர். அவர் வேறு யாரிடமாவது சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும் என்ற பயம்தான் என்னை மேலாளரின் அறைக்குக் கொண்டுபோனது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்பவே சொல்லியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்களே" என்றார். உண்மை. தவறுக்காக அந்த நிறுவனத்தில் நிரந்தர ஊழியர் யாரையும் வெளியே அனுப்பியதில்லை. நிரந்தர வேலையில் இருந்த என்னை நிச்சயம் அனுப்பியிருக்க மாட்டார்கள். நான் காப்பாற்றிக்கொண்டது சம்பளத்தை இல்லை, தவறே செய்யாதவன் என்ற பெயரை.

மெமோவைத் திரும்பப் பெறும் கடிதம் என் வற்புறுத்தலின் பேரில் போனது. அந்தக் களத்து ஊழியரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. "எனக்குத் தெரியும்ணே. பவர நான் ஆஃப் பண்ணலங்கது எனக்குத் தெரியும்லா" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "சரிண்ணே" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு சோலார் பூங்காவில் வேலை பார்க்கிறார்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு உருப்படியாகச் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. ரூட் பார்ட்டிஷனை எண் வைத்த சாதனப் பெயரால் குறிக்காதீர்கள், பார்ட்யூயூஐடியால் குறியுங்கள். பார்ட்டிஷனின் அடையாள எண்ணைத் தன் மாறி ஒன்றில் எடுத்துக்கொள்ள யூ-பூட்டிலேயே கட்டளை உண்டு. ரூட்வெய்ட் எழுதினால் அதற்கு யார் எல்லை வைக்கிறார்கள் என்று கேளுங்கள். புதிய கர்னல்களில் அதற்கே நொடிக்கணக்கு கொடுக்கலாம். புதிய அமைப்பு நன்றாக இருக்கிறது என்ற முத்திரையை அது எழுந்தவுடன் குத்தாதீர்கள். சர்வரைத் தொட்ட பிறகு குத்துங்கள். மாற்றுக் கட்டளையைச் சீரியல் திரையில் கையால் எழுதாமல் கோப்பாக வைத்திருங்கள், இன்னொருவர் வாசிக்கட்டும். ரவுக், எஸ்டபிள்யூஅப்டேட், மெண்டர் போன்ற திறந்தமூல அப்டேட் கருவிகள் இந்தக் கண்ணிகளில் பலவற்றை ஏற்கெனவே கவனித்துக் கட்டப்பட்டவை. எல்லாவற்றையும் சொந்தமாக எழுதியே தீருவேன் என்ற பிடிவாதம் எனக்கு இருந்ததைப் போல உங்களுக்கு வேண்டாம். அப்புறம், ஒரு போர்டைக் கெடுங்கள். புதிய பார்ட்டிஷனை அழித்துவிட்டு அது எங்கே திரும்புகிறது என்று கண்ணால் பாருங்கள். 2 இலிருந்து 3க்குப் போகும்போதும், 3 இலிருந்து 2க்குப் போகும்போதும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். களத்தில் ஒரு பெட்டி எழவில்லை என்று தகவல் வந்தால், அங்கே நின்றவர் என்ன செய்தார் என்று விசாரிக்காதீர்கள். சீரியல் பதிவை வாங்கி வாசியுங்கள். அதில் உங்கள் தவறு தெரிந்தால், அவருக்கு மெமோ போவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.